பட்டா நிலத்தில் பிடித்த தேவாங்கு, பரிசு வாங்கிய படம்: இனி என்ன செய்வது?

கேரளத்தின் மறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞர் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன், ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கடிதம் நீளம். சாரம் இது.

வயது 26. சொந்த ஜீப் ஓட்டுகிறார். மறையூர், காந்தளூர், சின்னாறு பார்க்க வருகிறவர்கள்தான் சவாரி. அப்பாவுக்கு வெல்ல ஆலையில் வேலை. கேமரா தூக்கிக்கொண்டு வரும் குழுக்களை ஏற்றி ஏற்றி இவருக்கும் அந்த ஆசை வந்து, பழைய கேமரா ஒன்றைக் கடனில் வாங்கியிருக்கிறார். போன வருடம் ஒரு குழு வந்தது. அதை அழைத்து வந்தவரைக் கடிதம் முழுக்க "மாஸ்டர்" என்றே குறிப்பிடுகிறார், அவரிடம்தான் படம் எடுக்கக் கற்றாராம். மாஸ்டர் தேவாங்கு வேண்டும் என்றார். மாமா தோட்டத்து வேலியில் ஒன்று இருப்பது இவருக்குத் தெரியும். இருட்டியதும் போய்ப் பிடித்து, துணிப்பையில் போட்டு, ஜீப்பில் ஹோம்ஸ்டேவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பூத்த கொன்றைக் கிளை ஒன்றை வெட்டி ஸ்டாண்டில் கட்டி, பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு, தேவாங்கை அதில் ஏற்றி, ஏழு பேர் ஒன்றரை மணி நேரம் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். முடிந்ததும் ஹோம்ஸ்டேவுக்குப் பின்னாலேயே அதை விட்டுவிட்டார்கள். மாஸ்டர் இவருக்கு ஜிபேயில் 3,000 ரூபாய் போட்டிருக்கிறார்.

அன்றைக்கு இவரும் சில படங்கள் எடுத்தார். அதில் ஒன்றைக் கோவையில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்ப, முதல் பரிசு, 25,000 ரூபாய். கூடவே எழுதி அனுப்பிய கேப்ஷன்: "சின்னாறு காட்டின் விளிம்பில், மூன்று மணி நேரக் காத்திருப்புக்குப் பின், நள்ளிரவில்." நிஜத்தில் எடுத்தது இரவு எட்டரைக்கு. இப்போது ஒரு ரிசார்ட், காலண்டருக்கும் வரவேற்பறைச் சுவருக்கும் அதே படத்தை 40,000 ரூபாய்க்குக் கேட்கிறது. இன்னொரு பக்கம், அன்றைக்கு வேறொரு ஜீப் ஓட்டி வந்தவர், பையிலிருந்து தேவாங்கை எடுப்பதைப் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். 15,000 கொடு, இல்லாவிட்டால் வனத்துறைக்கு அனுப்புவேன் என்கிறார். மாஸ்டரிடம் சொன்னால், "பிடிச்சது நீதானே, எனக்கென்ன தெரியும்" என்று போனை வைத்துவிட்டாராம்.

கேள்விகளை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். "பட்டா நிலத்துலதான் பிடிச்சேன் மேடம், காட்டுக்குள்ள கால் வைக்கல, அதுக்கு ஒரு கீறல்கூட இல்ல, இதுல என்ன கேஸ்? எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறாங்க, நிஜ தேவாங்குதானே, கம்ப்யூட்டர்ல செஞ்சதில்லையே? ஃபைலையெல்லாம் அழிச்சுட்டா பிரச்சினை தீருமா? பரிசைத் திருப்பிக் கொடுத்தா நானே குற்றத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமா?"

தம்பி, கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதற்கு வருகிறேன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் இரண்டு காரியம் செய்திருக்கிறீர்கள். ஒரு உயிரைப் பிடித்தீர்கள். அப்புறம் அதைப் பற்றிப் பொய் எழுதினீர்கள். பிடித்தது மறையூரில், கேரள வனத்துறையின் எல்லையில். பொய் எழுதிப் பரிசு வாங்கியது கோவையில். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு பயப்படுவதால்தான் எதைத் தொட்டாலும் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்று தோன்றுகிறது. உண்மையில் பொய்யை இந்த வாரமே நீங்களாகத் திருத்த முடியும். பிடித்த விஷயத்தில் அவசரப்பட்டு எதுவும் செய்யக் கூடாது, வக்கீல் இல்லாமல் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது.

பட்டா நிலம் உங்களைக் காப்பாற்றாது

நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருப்பது, வனவிலங்குச் சட்டம் என்றால் சரணாலயத்துக்குள் மட்டும், செக்போஸ்ட் தாண்டினால் நம் இஷ்டம் என்று. தப்பு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பது விலங்கை. அது சின்னாறு சரணாலயத்தில் இருந்தாலும், உங்கள் மாமா தோட்டத்து வேலியில் இருந்தாலும், மறையூர் பஸ் ஸ்டாண்டு மரத்தில் இருந்தாலும் ஒன்றுதான். சரணாலயத்துக்குள் நடந்தால் கூடுதலாகச் சில பிரிவுகள் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். மத்தியச் சட்டம் என்பதால் தமிழ்நாட்டு உடுமலைப் பக்கம் ஒன்று, இந்தக் கேரளப் பக்கம் ஒன்று என்ற பேச்சும் இல்லை.

அடுத்தது, "கொல்லல". சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கு, பிரிவு 2(16)இல், கொல்வது மட்டும் பொருள் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டை. பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதுகூட அதில் வருகிறது. கூட்டுக்குப் பக்கத்தில் மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுக்கிறவர்கள் இந்த வரியை ஒருமுறை படித்தால் தேவலை. ஆக, துணிப்பையில் போட்ட அந்த நிமிடமே சட்டத்தின் கண்ணில் அது வேட்டை. தலைமை வனவிலங்குக் காப்பாளர் கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ எழுத்தில் அனுமதி தருவதுண்டு. உங்கள் கையிலும் அது இல்லை, மாஸ்டர் கையிலும் இல்லை.

தேவாங்கு முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. 2022 திருத்தத்துக்குப் பிறகு, முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றம் நிரூபணமானால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஏழு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "ரேஞ்சர்கிட்ட ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வழி இங்கே அடைபட்டிருக்கிறது. பிரிவு 54இன்படி பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் வசதி, குறைந்தபட்சச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றங்களுக்குக் கிடையாது. காலம் போனால் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் கால வரம்பு இல்லை.

ஜாமீனைப் பற்றி யாரோ உங்களைத் தேவைக்கு மேல் பயமுறுத்தியிருக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் ஜாமீனுக்கு இருக்கும் தனிக் கடுமை, பிரிவு 51-ஏ, ஏற்கனவே இதே சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு. உங்கள் மேல் எந்த வழக்கும் இருந்ததில்லை என்கிறீர்கள். அப்படியானால் சாதாரண விதிகள்தான், முன்ஜாமீன் கேட்கவும் முடியும். நீங்கள் கவலைப்பட வேண்டிய, ஆனால் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத விஷயம் வேறு இருக்கிறது: ஜீப். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைக் கைப்பற்றும் அதிகாரம் வனத்துறைக்கு இருக்கிறது. வழக்கு முடிகிறவரை வண்டி ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றால் உங்கள் பிழைப்பு என்னவாகும்?

மாஸ்டர் கை கழுவிவிட்டார் என்று புலம்பியிருக்கிறீர்கள். சட்டம் அவரை அவ்வளவு சுலபமாக விடாது. பிரிவு 52இன்படி தூண்டுகிறவரும் அதே குற்றத்தைச் செய்தவராகத்தான் கருதப்படுவார். அவர் தேவாங்கு கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப், 3,000 ரூபாய் வந்த கணக்கு விவரம், குழுவின் புக்கிங், எல்லாம் சாட்சி. இதை உங்களுக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அவர் மாட்டுவதால் உங்கள் பங்கு குறைந்துவிடாது. ஏன் சொல்கிறேன் என்பது அழிப்பதைப் பற்றிப் பேசும்போது புரியும்.

கீறல்கூட இல்லை என்று எப்படித் தெரியும்?

இது சட்டக் கேள்வி இல்லை, ஆனாலும் கேட்காமல் விட முடியவில்லை. தேவாங்கு கால் கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். இருட்டில் பூச்சி தேடித் தின்பதற்கென்றே அமைந்த கண். அந்தக் கண்ணுக்கு நேரே ஏழு ஃபிளாஷ், ஒன்றரை மணி நேரம். அது அசையாமல் உட்கார்ந்திருந்ததை "நல்லா போஸ் கொடுத்துச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். பயந்துபோன தேவாங்கும் அசையாமல்தான் இருக்கும். அது ஆணா பெண்ணா என்று பார்த்தீர்களா? பெண் தேவாங்கு இரவில் இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுப் போகும், அப்புறம் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் பிடித்தது தாயாக இருந்திருந்தால், வேலியில் எங்கோ ஒரு குட்டி விடியும்வரை காத்திருந்திருக்கும். விட்டதும் பிடித்த வேலியில் இல்லை, ஹோம்ஸ்டேவுக்குப் பின்னால். அதற்குத் தெரிந்த மரமும் வழியும் அங்கே கிடையாது, நாய்கள் மட்டும் உண்டு. அது பிழைத்ததா என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை "ஒண்ணும் ஆகல" என்று சொல்லாதீர்கள், முக்கியமாக அதிகாரிகளிடம்.

நம் ஊர்களில் தேவாங்குக்கு ஏற்கனவே போதுமான துன்பம் இருக்கிறது. மாந்திரீகத்துக்கு, கண் மருந்துக்கு என்று பிடித்தார்கள். வேலிகள் கம்பிவேலிகளாக மாறி அது ஏறி நடக்கும் புதர்கள் போயின. 2022இல் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியை இதற்கென்றே சரணாலயமாக அறிவிக்கும் நிலை வந்தது. இப்போது போட்டோவுக்குப் பிடிப்பதும் சேர்ந்துகொண்டால்?

எல்லாரும் செய்கிறார்கள், நிஜ விலங்குதானே

எல்லாரும் செய்வதில்லை. ஆனால் நிறையப் பேர் செய்கிறார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கிய தவளை, நூலில் கட்டிய பூச்சி, டப்பாவில் கொண்டுவந்து பாசிக் கல்லில் வைத்த பாம்பு என்று கேள்விப்படாதவர் இந்தத் துறையில் யாரும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே தராசில் போட மாட்டேன். வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டி வைத்து, மறைவில் உட்கார்ந்து, வருகிற பறவையை எடுத்து, "தொட்டிக்கு வந்தது" என்று எழுதினால் எனக்கு அதில் குறையில்லை. மிருகக்காட்சிச் சாலைப் புலியை எடுத்து மிருகக்காட்சிச் சாலை என்று போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? போனில் பறவையின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டு, குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதை அலைய வைப்பது எனக்குப் பிடிக்காது, சொல்லிவிட்டுச் செய்தாலும் பிடிக்காது. விலங்கைக் கையால் எடுத்து இடம் மாற்றுவது அதற்கும் மேலே. அதோடு பொய்க் கேப்ஷனும் சேர்ந்தால் அது உங்கள் படம்.

நிஜ விலங்குதானே என்ற வாதத்தை உலகத்தின் பெரிய மேடையிலேயே பார்த்தாகிவிட்டது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வருடாவருடம் வனவிலங்குப் புகைப்படப் போட்டி நடத்துகிறது. 2009இல் அதில் வென்றது, ஒரு ஓநாய் வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் படம், எடுத்தவர் ஸ்பெயின்காரர். மாட்ரிட் அருகே ஒரு விலங்குப் பூங்காவின் பழக்கிய ஓநாய்தான் அது என்ற முடிவுக்கு நடுவர்கள் வர, 2010 ஜனவரியில் பரிசு பறிபோனது. அவர் கடைசிவரை மறுத்தார். அதுவும் நிஜ ஓநாய்தான். 2017இல் பிரேசிலிலிருந்து இன்னொரு படம்: இரவு, ஒளிரும் வண்டுப் புழுக்கள் மினுங்கும் கறையான் புற்று, பக்கத்தில் எறும்புண்ணி. ஒரு தேசியப் பூங்காவின் வரவேற்பு மையத்தில் இருந்த பாடம் செய்த எறும்புண்ணியோடு விஞ்ஞானிகள் அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018இல் அந்தப் பரிசும் ரத்து, அவரும் மறுத்தார். இரண்டு பேருமே திறமைசாலிகள். ஓநாய் குதிக்கும் அந்த நொடியைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு, "பழக்கிய ஓநாய்" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் அந்தப் போட்டியில் பரிசு கிடைத்திருக்காது, பேராவது மிஞ்சியிருக்கும்.

நடுவர்கள் உங்கள் தேவாங்குக்கு மட்டும் பரிசு கொடுக்கவில்லை தம்பி. மூன்று மணி நேரம், நள்ளிரவு, காட்டின் விளிம்பு, அந்தப் பொறுமைக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு அடுத்தபடியாக வந்தவர் ஒருவேளை நிஜமாகவே மூன்று மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கலாம். சட்ட வார்த்தையில் சொன்னால், பொய்த் தகவலால் ஒருவரை நம்பவைத்துப் பணம் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 318இன் ஏமாற்றுதலுக்குள் வரக்கூடியது. போட்டிக்காரர்கள் அந்த அளவுக்குப் போவது அரிது, பெரும்பாலும் பரிசை ரத்து செய்து, பணத்தைக் கேட்டு, பெயரை அறிவிப்பார்கள். ஆனாலும் வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் கேமராவே உங்களுக்கு எதிர்ச் சாட்சி. ஒவ்வொரு ஃபைலிலும் தேதி, நேரம், ஃபிளாஷ் எரிந்ததா என்பது பதிவாகியிருக்கும். ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்த திருத்தாத மூல ஃபைல், கொடுங்கள் என்று போட்டிக்காரர்கள் கேட்டால் "நள்ளிரவு" எட்டரை மணி என்று தெரிந்துவிடும். தேவாங்கின் கண்ணில் எத்தனை ஃபிளாஷ் பிரதிபலிக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால், தனியாகக் காத்திருந்த கதையும் போய்விடும்.

அழிக்காதீர்கள், கொடுக்காதீர்கள்

ஃபைலை அழித்தால் தீருமா என்று கேட்டீர்கள். தீராது, கூடும். சாட்சியாக வரக்கூடிய மின்னணுப் பதிவை, அது வரக் கூடாது என்பதற்காக அழிப்பது அதே சன்ஹிதாவில் பிரிவு 241இன் தனிக் குற்றம். ஏழு பேரின் கேமராவிலும் இன்னொருவர் போனிலும் அன்றைய இரவு இருக்கிறது, உங்களிடம் இருப்பதை மட்டும் அழித்து என்ன ஆகப்போகிறது? மாஸ்டரின் பங்கைக் காட்டும் வாட்ஸ்அப்பும் அதோடு சேர்ந்து போய்விடும், அப்புறம் "பிடிச்சது நீதானே" மட்டும்தான் மிஞ்சும். எதையும் தொடாமல் அப்படியே வைத்திருங்கள்.

15,000 கேட்கிற ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். குற்றம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பது பிரிவு 308, அவர் செய்வதும் குற்றம்தான். வீடியோவுக்குப் பிரதி எத்தனை என்று உங்களால் எண்ண முடியாது. இந்த மாதம் 15,000 கொடுத்தால் சீசன் தோறும் வருவார். போலீசுக்குப் போகலாமா என்றால், போகலாம், அது உங்கள் உரிமை, ஆனால் புகாரில் வீடியோவில் என்ன இருக்கிறது என்ற கேள்வி முதல் வரியிலேயே வரும். அதனால் முதலில் வக்கீல், அப்புறம் புகார். அதுவரை அவர் அனுப்பும் மெசேஜ்களைச் சேமித்து வையுங்கள், பதிலுக்குத் திட்டாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம்.

பரிசைத் திருப்பிக் கொடுப்பது ஒப்புதல் வாக்குமூலமா?

நேரடியாகச் சொல்கிறேன்: எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்த முடியாது, அரசியலமைப்புச் சட்டம் 20(3) தரும் பாதுகாப்பு அது. பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சொன்ன பொய்யை நிற்கவிட்டு அதில் காசு வாங்க அந்த உரிமை உதவாது. அதனால் பொய்யை மட்டும் திரும்பப் பெறுங்கள். கடிதம் இவ்வளவு போதும்:

"முதல் பரிசு பெற்ற என் படம் இயற்கையான சூழலில் எடுத்தது அல்ல. இடம், நேரம், காத்திருப்பு பற்றி நான் எழுதிய விவரங்கள் உண்மையல்ல. படத்தைப் போட்டியிலிருந்து திரும்பப் பெறுகிறேன். பரிசுத் தொகையை இந்த மாத இறுதிக்குள் அனுப்பிவிடுகிறேன்."

யார் பிடித்தது, எங்கே, எத்தனை பேர் என்ற கதை வேண்டாம். மாஸ்டர் சொல்லித்தான் செய்தேன் என்றும் வேண்டாம். மேலே கேட்டால், "இதற்கு மேல் இப்போது சொல்ல இயலாது" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இதைப் படிக்கிற யாராவது வனத்துறைக்குத் தகவல் கொடுக்கலாம், கடிதம் பின்னால் ஒரு வழக்கில் காட்டப்படலாம். ஆகவே அனுப்பும் முன் உங்கள் வக்கீல் பார்க்கட்டும். பணத்தைக் கொடுத்துவிட்டால் ஏமாற்றுதல் என்ற பேச்சே எழாது என்றும் நினைக்காதீர்கள், ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்டுக் கொடுப்பதற்கும் தானாகக் கொடுப்பதற்கும் எந்த நீதிமன்றத்திலும் வித்தியாசம் உண்டு. வீடியோ எந்த நிமிடமும் வெளியே வரலாம் என்ற நிலையில், தானாகக் கொடுக்க உங்களுக்கு அதிக நாள் இல்லை. 25,000 கையில் இல்லை, கேமராக் கடனுக்குக் கட்டிவிட்டேன் என்றால் தவணை கேளுங்கள்.

ரிசார்ட்டுக்கு விற்கவே வேண்டாம். படத்தின் காப்புரிமை உங்களுடையதுதான், நீங்கள் எடுத்தது, மாஸ்டர் அதில் பங்கு கேட்க முடியாது. படத்தை விற்பது விலங்கை விற்பதும் ஆகாது. ஆனால் பொய் என்று தெரிந்த கதையோடு விற்றால் ஒப்பந்தத்தை அவர்கள் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உண்மையைச் சொல்லி விற்றால், பிடித்து எடுத்த படம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். இரண்டும் ஆகாது. போதாக்குறைக்கு அந்தச் சுவரைப் பார்க்கிற ஒவ்வொரு விருந்தாளியும் அடுத்த நாள் உங்கள் ஜீப்பில் ஏறி "அதே மாதிரி தேவாங்கு காட்டுப்பா" என்பார்.

வனத்துறை கூப்பிட்டால்

நீங்களாகவே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை மதிக்கிறேன். போவதா வேண்டாமா என்பதைக் கோப்புகளைப் பார்த்த ஒரு வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்லக் கூடாது. தனியாகப் போவது மட்டும் கூடாது. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று எங்கேயோ கேட்டிருப்பீர்கள். வனத்துறையில் கதை வேறு. இந்தச் சட்டத்தின் பிரிவு 50(8), 50(9)இன்படி, அதிகாரம் பெற்ற, உதவி வனப் பாதுகாவலர் பதவிக்குக் குறையாத அதிகாரி உங்கள் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பின்னால் விசாரணையில் ஏற்கத்தக்கது. "சும்மா எழுதிக் கொடு, விட்டுடறோம்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையோரத்துக்கென்றே இருக்கும் சிக்கல் ஒன்று. நீங்கள் தமிழ் மீடியத்தில் படித்தவர், மலையாளம் பேசுவீர்கள், வேகமாக வாசிக்க வராது என்கிறீர்கள். மகஜரோ (சம்பவ இடத்தில் அதிகாரிகள் எழுதும் பதிவு) வாக்குமூலமோ பெரும்பாலும் மலையாளத்தில்தான் எழுதப்படும். படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வக்கீலும் கூட இருக்கட்டும். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. தயங்காமல் தமிழில் மனு எழுதுங்கள்.

தொழிலை விட்டுவிடவா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எதற்கு? வேலியில் எங்கே தேவாங்கு இருக்கிறது என்று இருட்டில் தெரிந்த ஆளுக்கு இந்த ஊரில் வேலை இல்லாமல் போகாது. அடுத்த குழு ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: சிவப்பு விளக்கில், தூரத்திலிருந்து, சில நிமிடம் பார்க்கலாம், தொட முடியாது, கிளை ஒடிக்க முடியாது. சில குழுக்கள் வேறு ஜீப்புக்குப் போகும், அந்தச் சவாரி போகட்டும். சரணாலயத்துக்குள் என்றால் படம் எடுக்க அனுமதிச் சீட்டு தனி. அந்த அனுமதிகூட இடத்தை மாற்றாமல், விலங்குக்குத் தொந்தரவு இல்லாமல் எடுப்பதற்குத்தான் என்று 2022 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். போகும்போது வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே விவரம், மிரட்டல் மெசேஜ், போட்டிக்கு அனுப்பிய விண்ணப்பம், ஜீப்பின் ஆர்.சி. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டை வெளியே எடுத்து, வேறு படம் எதுவும் அதில் பதியாமல் ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள். கேமராவுக்கு வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம்.